எச்சில் குப்பி சொல்லாத முறை

மகனே,

இது அப்பாவின் கையெழுத்துதான். உறையின் மேல் இருக்கும் விலாசத்தை மட்டும் பிள்ளைக்காம்பரா டீச்சர் எழுதித் தந்தார். உள்ளே உள்ளதெல்லாம் நானே எழுதியது. வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அந்தக் காம்பராவில், குழந்தைகள் வீடு திரும்பிய பிறகு, அதே குட்டி பெஞ்சில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து நான் எழுதப் பழகுவதை நீ போன தீபாவளிக்கு வந்தபோது எட்டிப் பார்த்துச் சிரித்தாய். அப்போது 'அம்மா', 'இலை' என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது பார், 'விலாசம்' என்று எழுதிவிட்டேன், 'தாய்மார்' என்று எழுதிவிட்டேன். கோடு போட்ட தாளாக இருந்தும் வரி போகப் போக மேலே ஏறுகிறது. மலையில் பிறந்த கை அப்படித்தான் ஏறும் என்கிறார் டீச்சர். நீ போனை எடுக்காமல் இருந்துவிடலாம், அது அடித்து ஓய்ந்துவிடும். கடிதம் ஓயாது. நீ பிரிக்கும் வரை உன் மேசையில் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். எழுதக் கற்றதில் இப்படி ஒரு வசதி இருப்பது எனக்கு இந்த வாரம்தான் தெரிந்தது.

ஆனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்துபோய் வாசலில் நிற்கிறேன். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவம் வரைக்கும் நடந்துவிட்டு, அங்கே எனக்கு இப்போது ஒரு வேலையும் இல்லை என்பது நினைவு வந்து திரும்புகிறேன். வந்து, எழுதியதை முதலிலிருந்து எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன். வாசித்தால், 'அட, இது நான் மனதில் நினைத்ததாச்சே, தாளில் அப்படியே கிடக்கிறதே' என்று ஒரு குதூகலம் வருகிறது. உடனே நீ ஞாபகத்துக்கு வருகிறாய். மறுபடி எழுந்து நிற்கிறேன். "ஒரு காயிதம் எழுதுறதுக்கு இம்புட்டு தூரம் நடக்கிற மனுசனை இப்பதான் பாக்கிறேன்" என்கிறாள் உன் அம்மா.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ரத்தச் சொந்தம் பார்க்க எச்சில் அனுப்பினோமே, அதில் நீ பார்த்தது பாதி முடிவு. உன்னுடையதும் தர்ஷினியுடையதும் மட்டும் வந்திருந்த நாளில், உங்கள் இருவருக்கும் நடுவே ரத்தச் சொந்தம் இருக்கிறது என்று காட்டியதும், 'பெரியவங்க சொன்னது சரிதான், இத்தோட விட்டுருவோம்' என்று அவளுக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு யார் போனையும் எடுக்காமல் இருந்துவிட்டாய். அதற்குப் பிறகு என்னுடைய முடிவும், அவள் அப்பா ராசையாவின் முடிவும் வந்துவிட்டன. நான்கையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. அது உனக்கு முழுக்க நல்லதா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் முழுதும் தெரியாமல் ஒரு பெண்ணை விட்டுவிட்டுப் போவது சரியில்லை.

ராசையாவைச் சித்தப்பா என்று கூப்பிட்டு வளர்ந்தாய். அவன் எப்படிச் சித்தப்பா ஆனான் என்று நான் உனக்குச் சொன்னதில்லை, நீயும் கேட்டதில்லை. என் தாத்தாவும் அவன் தாத்தாவும் ஒரே கங்காணியின் ஆட்களாக இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்கள். ஊர் வேறு வேறு. வந்த இடத்தில் சொந்தம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. சொந்தம் இல்லாமல் நம் ஆட்களால் இருக்க முடியுமா? கல்யாணத்துக்குத் தாய்மாமன் வேண்டும், சாவுக்குப் பங்காளி வேண்டும். அதனால் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கு எந்தக் காம்பரா கிடைத்ததோ அதை வைத்து முறை வைத்துக்கொண்டார்கள். பக்கத்துக் காம்பரா என்றால் அண்ணன் தம்பி. எதிர் லயம் என்றால் மாமன் மச்சான். அப்படி வாயால் வைத்த முறை மூன்று தலைமுறையில் இறுகிக் கல்லாகிவிட்டது. எங்கள் இரண்டு காம்பராவுக்கும் நடுவில் இருந்த சுவர் கூரை வரைக்கும் போகாது. என் அப்பா இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் ராசையாவின் அம்மா கொத்தமல்லி வறுக்கிற வாசம் வரும். நான் அண்ணன், அவன் தம்பி. வேறு மாதிரி நாங்கள் யோசித்ததே இல்லை.

என் அப்பாவின் கருமாதி அன்று ஓடைக்கரையில் எனக்கு மொட்டை அடித்து முடித்ததும் ராசையா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஒனக்கு எதுக்குடா, ஒங்கப்பன் உசுரோட நிக்கிறான்" என்று பெரியவர்கள் தடுத்தார்கள். "பெரியப்பாவுக்குப் போடாம வேற யாருக்குப் போடுறது?" என்று தலையைக் குனிந்துகொண்டான். அன்றைக்குப் பனி. இருந்த ஒரே துண்டை இரண்டு மொட்டைத் தலைகளுக்கும் மேலே போட்டுக்கொண்டு, ஒட்டி ஒட்டி நடந்து லயத்துக்கு ஏறி வந்தோம். நீ தர்ஷினியைக் கட்டப்போகிறேன் என்று சொன்னபோது தோட்டம் முழுக்க அந்த மொட்டையைத்தான் பேசியது. "மொட்டை போட்ட பங்காளி மகளையா? கூடப் பொறந்தவ மாதிரியில்ல?" என்றார்கள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே ராசையா தன் மனைவி வீட்டு மரக்கறித் தோட்டத்தைப் பார்க்க ராகலைக்குப் போய்விட்டான். நீங்கள் இருவரும் ஒன்றாக வளரவில்லை. ஹட்டனில் கம்ப்யூட்டர் படிக்கிற இடத்தில் பழகின பிறகுதான் யார் பிள்ளை யார் என்றே உங்களுக்குத் தெரிந்தது. அதெல்லாம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் வாயைத் திறந்து சரி என்று சொல்ல வரவில்லை. ராசையாவுக்கும் வரவில்லை.

அப்போதுதான் நீ அந்த எச்சில் குப்பிகளைக் கொண்டுவந்தாய். லண்டனிலிருந்து வந்த உன் சிநேகிதன் கொடுத்த நாலு குப்பி. "வாயால வச்ச முறைதானே அப்பா, ரத்தத்துல ஒண்ணும் இருக்காது, காட்டிட்டா பேச்சு முடிஞ்சுரும்" என்றாய். அன்றைக்கு நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அரை மணி நேரம் எதையும் வாயில் போடக் கூடாது என்று நீ சொன்னதுதான் தாமதம், என் நாக்கு மரக்கட்டையாகக் காய்ந்துவிட்டது. உன் அம்மா புளி உருண்டையை என் கண் முன்னால் ஆட்டிக் காட்டினாள். ராசையா வெற்றிலையைத் துப்பி, வாயை நாலு தடவை கொப்பளித்துவிட்டுத்தான் குப்பியில் துப்பினான். அப்படியும் சிவப்பு. கடைசியில் பிள்ளைகளுடையது சரி, கிழவர்களுடையது சரியில்லை, மறுபடி அனுப்புங்கள் என்று வந்தது. அதனால்தான் எங்களுடையது பிந்தியது. அந்த இடைவெளியில்தான் நீ ஓடிவிட்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் தர்ஷினி தனியாக வந்தாள். ராகலையிலிருந்து பஸ் மாறி மாறி, றொசல்ல ஸ்டேசன் பக்கம் இறங்கி நடந்து வந்திருக்கிறாள். ஹட்டனில் படித்த நாட்களில் அவள் வந்தால் மேட்டில் ஏறும்போதே "பெரியப்பா" என்று குரல் வரும். அன்றைக்கு வாசலில் நின்று "இருக்கீங்களா" என்றாள், அவ்வளவுதான். என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளை மகளே என்பதா, மருமகளே என்பதா என்று எனக்கும் தெரியவில்லை. அம்மாதான் "வா புள்ள, தேத்தண்ணி ஊத்துறேன்" என்று எங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றினாள்.

அவள் போனை மேசையில் வைத்தாள். எல்லாம் இங்கிலீஷ். "கசின்னு போட்டிருந்துச்சாமே, அது என்ன முறைம்மா?" என்று கேட்டேன்.

"அவங்களுக்கு எல்லாமே கசின்தான். சித்தப்பா பிள்ளை, பெரியம்மா பிள்ளை, மாமன் பிள்ளை, அத்தை பிள்ளை, எல்லாத்துக்கும் ஒரே பேரு. எத்தனை தலைமுறை தள்ளின்னு மட்டும் ஒரு கணக்குச் சொல்லும். அதுவும் உத்தேசம்."

அம்மா அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள். "அப்ப யாரைக் கட்டுறது, யாரைக் கூடப் பொறந்தவனா நினைக்கிறதுன்னு அந்தச் சனம் எப்படித்தான் தெரிஞ்சுக்கும்?"

தர்ஷினி சிரித்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தாள். பிறகு பழைய கலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, எனக்காகத் தமிழில் நாலு பெயர் எழுதினாள். உன் பெயர், அவள் பெயர், என் பெயர், ராசையா பெயர். நாலையும் நானே வாசித்தேன். அந்தச் சமயத்திலும் எனக்கு அது பெருமையாக இருந்தது, மறைக்க மாட்டேன். யார் யாருக்கு ரத்தம் ஒத்துப்போகிறதோ அவர்களுக்கு நடுவே கோடு போட்டாள். என்னிடமிருந்து உனக்கு ஒரு தடித்த கோடு. ராசையாவிடமிருந்து அவளுக்கு ஒரு தடித்த கோடு. உனக்கும் அவளுக்கும் நடுவே நூல் மாதிரி ஒன்று. அதைத்தான் நீ பார்த்தாய். எனக்கும் அவளுக்கும் நடுவே ஒன்றும் இல்லை. ராசையாவுக்கும் உனக்கும் நடுவே ஒன்றும் இல்லை. எனக்கும் ராசையாவுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை.

"பிள்ளைக்குள்ள இருக்கிறது ஒண்ணு அப்பாகிட்ட இருந்து வந்திருக்கணும், இல்லாட்டி அம்மாகிட்ட இருந்து வந்திருக்கணும்" என்றாள். "அவருக்கும் எனக்கும் ஒத்துப்போற துண்டு உங்ககிட்ட இல்லை. அப்ப அது அவங்க அம்மா வழி. எங்கப்பாகிட்டயும் இல்லை. அப்ப என் பக்கத்துலயும் அது எங்கம்மா வழி. நீங்களும் எங்கப்பாவும் இதுக்குள்ள வரவே இல்லை." புரிகிறதா மகனே? நீ எந்தச் சொந்தத்துக்குப் பயந்தாயோ அது அந்தக் கோட்டில் இல்லை. நீ கண்டது ஒருவருக்குமே தெரியாத வேறொரு சொந்தம். இரண்டு தாய்மார் பக்கத்திலிருந்து வருகிறது.

இன்னும் கேள். உனக்கும் அவளுக்கும் பொதுவாக ஒத்துப்போகிறவர்கள் யார் யார் என்று அந்தச் சோதனைக் கம்பெனியின் பக்கத்தில் பார்க்கலாமாம். அப்படிப் பார்த்தபோது மலேசியாவில் ஒரு அம்மாள் வந்திருக்கிறார். எனக்கும் ராசையாவுக்கும் அவர் ஒத்துப்போகவில்லை. தர்ஷினி அவருக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள். முசிறிப் பக்கமிருந்து ரப்பர் தோட்டத்துக்குப் போன குடும்பம், அதற்கு மேல் தெரியாது என்று பதில் வந்ததாம். உன் அம்மாவின் ஆட்கள் முசிறிப் பக்கம் என்று உன் பாட்டனார் சொல்லி நாங்கள் கேட்டிருக்கிறோம். ஆக இது கடல் தாண்டுவதற்கு முந்தின சொந்தம். கோடு காட்டுகிறதைவிடத் தூரமாகவும் இருக்கலாமாம். உன் அம்மா வீட்டில் தலைமுறை தலைமுறையாக மாமன் மகளையே கட்டி வந்திருக்கிறார்கள். உன் அம்மாவைப் பெற்றவர்களே அத்தை மகனும் மாமன் மகளும்தான். ஒரே ஊற்றுத் தண்ணீர் இரண்டு பீலிக் குழாய் வழியாக வந்து ஒரு குடத்தில் விழுந்தால் குடம் சீக்கிரம் நிரம்பும் அல்லவா, அப்படித் தூரத்து ரத்தம்கூடப் பல வழியில் வந்து சேர்ந்து கிட்டத்துச் சொந்தம் போலக் காட்டுமாம். இதை எழுதிவிட்டுப் பீலி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

"அந்த முசிறிச் சொந்தம் அக்கா தங்கச்சி வழியா, அண்ணன் தங்கச்சி வழியா?" என்று கேட்டேன். அதுதானே முழுக் கேள்வி. அக்காவும் தங்கச்சியும் பெற்ற வழி என்றால் நீங்கள் இருவரும் மறுபடி கூடப்பிறந்த முறை ஆகிவிடுவீர்கள். அண்ணனும் தங்கச்சியும் பெற்ற வழி என்றால் அவள் உனக்கு முறைப்பெண். தர்ஷினி தலையை ஆட்டினாள். "அதை இது சொல்லாதுங்க."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நடுவில் நின்றாள். "நான் சொல்றேன். என் வழின்னு ஆயிருச்சுல்ல? அது எங்க மாமன் வழிதான்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"இல்லைன்னு சொல்ல யாரு இருக்கா?" என்றாள். "முசிறியில இருந்து எந்திரிச்சு வருவாங்களா?"

தர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அப்புறம் அழுதாள். எனக்கு உன் அம்மாவைப் பிடித்திருந்தது அந்த நிமிஷத்தில். ஆனாலும் மகனே, தெரியாததைத் தெரியும் என்று இந்தத் தாளில் எழுத மாட்டேன். அது எந்த வழி என்று நமக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. இன்னொன்றையும் அவள் சொன்னாள். எனக்கும் ராசையாவுக்கும் ஒன்றும் இல்லை என்றால், கிட்டத்துச் சொந்தம் இல்லை என்றுதான் அர்த்தமாம். ரொம்பத் தூரத்துச் சொந்தமாக இருந்தால் காட்டாமலும் போகுமாம். அதைக் கேட்டதும் எனக்கு உள்ளே ஒரு ஆசை வந்தது, பார். அப்போ எங்கேயோ பத்துத் தலைமுறைக்கு அப்பால் அவன் நிஜமாகவே என் தம்பியாக இருக்கலாமே என்று. உடனே, அப்படி இருந்தால் உன் கல்யாணம் என்ன ஆகும் என்று பதறினேன். ஒரே மூச்சில் இரண்டுக்கும் ஆசைப்பட்டுக்கொண்டு, வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன்.

"இதையெல்லாம் அவனுக்கு அனுப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன். அவள் முகம் மாறியது. "அனுப்ப மாட்டேன். ஒரு கோட்டைப் பாத்ததும் என்னை விட்டுட்டு ஓடினவருக்கு இன்னொரு கோட்டைக் காட்டிக் கூப்பிடணுமா? நாளைக்கு வேற ஏதாவது கோடு வந்தா மறுபடி ஓடுவாரா?" என்றாள். அவள் போன பிறகு இந்தத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டேன். அவள் அனுப்பாததை நான் எழுதலாம் என்று தோன்றியது. அவள் சொன்னதையும் சேர்த்து எழுத வேண்டும் என்றும் தோன்றியது. எழுதிவிட்டேன்.

அடுத்த நாள் ராசையாவுக்குப் போன் செய்தேன். அவள் அவனுக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நல்ல சேதி சொல்கிற மாதிரி ஆரம்பித்தேன். நமக்குள்ளே ரத்தம் ஒன்றும் ஒத்துப்போகவில்லையாம், பிள்ளைகளுக்குத் தடை இல்லை என்றேன். "சந்தோசமாண்ணே ஒங்களுக்கு?" என்றான்.

"ஏண்டா இப்படிக் கேக்கிற?"

"வெத்தலை போட்ட வாயில ரெண்டு தடவை துப்ப வச்சு, நான் ஒங்க தம்பி இல்லைன்னு எழுதி வாங்கிட்டீங்க. பெரியப்பாவுக்குப் போட்ட மொட்டையில முடி முளைச்சிருச்சு. அதனால மொட்டையே போடலைன்னு ஆயிருமா?"

வைத்துவிட்டான். உனக்காக நான் கொண்டாடிய அந்த வெற்று இடம், கலண்டர் தாளில் எனக்கும் அவனுக்கும் நடுவே கோடே இல்லாத அந்த இடம், அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. உன் சந்தோசத்துக்காக நானும் அவனும் ஒருவரை ஒருவர் அறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இதை உனக்குப் பாரமாக எழுதவில்லை. நீயும் ஒரு நாள் ஒருவருக்கு நல்ல சேதி என்று நினைத்து ஏதாவது சொல்லப் போவாய். சொல்வதற்கு முன் அவர் வீட்டில் நின்று அந்தச் சேதியை அவர் காதால் ஒரு தடவை கேட்டுப் பார். நான் கேட்டுப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் பொறுத்தேன். பொறுத்தேன் என்பது பொய், நடந்துகொண்டே இருந்தேன். புதன்கிழமை குளித்து, கம்பளிக் குல்லாவைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வெற்றிலையும் பழமும் தட்டில் வைத்து முறையாக எல்லாருமாகப் போவோம் என்றாள் அம்மா. முதலில் நான் போகிறேன், தட்டை அவன் எந்த முறையில் வாங்குவான் என்று தெரிந்த பிறகு தட்டு வரட்டும் என்றேன். ஹட்டனில் பஸ் போர்டை நானே வாசித்து ஏறினேன். நுவரெலியாவிலும் அப்படியே. 'ராகலை' என்று எழுதியிருந்ததை வாசித்துவிட்டு, நம்பிக்கை இல்லாமல் பக்கத்தில் நின்றவரையும் கேட்டேன். ராகலைதான் என்றார். எனக்கு இறங்கிப் போய் டீச்சரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. பஸ் முழுக்க, போய் அவனிடம் என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். எதைச் சொன்னாலும் பொய்யாகவோ கெஞ்சலாகவோ இருந்தது.

ராசையா பாதைக்குக் கீழே இருக்கும் பாத்தியில் லீக்ஸ் பிடுங்கிக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். கூட இரண்டு பெண்கள். லொறிக்காரன் ஒருவன் பாதையோரம் பீடி பிடித்துக்கொண்டு நின்றான். என்னைக் கண்டதும் ராசையா எழுந்து நின்றான். அவ்வளவு கோபத்திலும் எழுந்து நின்றான் பார், அது அவன் வளர்ப்பு. "வாங்கண்ணே" என்றான். குரலில் ஒன்றுமே இல்லை.

வழியெல்லாம் கட்டி வைத்த பேச்சு போய்விட்டது. வந்தது இதுதான்: "அண்ணனா வரல. பொண்ணு கேக்க வந்திருக்கேன், மச்சான்."

பாத்தியில் இருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். ஒரு நாளும் அவனை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. என் வாயே எனக்குக் கூசியது. அவன் கையிலிருந்த லீக்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் விடவில்லை, விட்டால் அப்படியே திரும்பி ஏறிவிடுவேன் என்று பயம். "நீ போட்ட மொட்டை போட்டதுதான். அதை எந்தக் குப்பியும் எடுக்க முடியாது. எங்கப்பாவுக்கு நீ மகன்தான், செத்தாலும் மகன்தான். அதை நான் திருப்பி வாங்க வரல. ஆனா நம்ம தாத்தன்மாரு வந்த இடத்துல ஒருத்தரை ஒருத்தர் பாத்து, வாயால ஒரு முறை வச்சுக்கிட்டாங்க. அந்தக் குப்பி அதுக்கும் ஒண்ணும் சொல்லல, இதுக்கும் ஒண்ணும் சொல்லல. அந்த ரெண்டு பிள்ளைகளுக்காக நாமளும் வாயால ஒண்ணு வைப்போம். பழசு ஒன் மனசுலயும் என் மனசுலயும் இருக்கட்டும். ஊருக்கு முன்னாடி இனி நீ எனக்கு மச்சான்."

ராசையா குனிந்து உட்கார்ந்து லீக்ஸ் கட்டை முடிந்தான். இன்னொன்றை எடுத்தான். அதையும் முடிந்தான். மழை தூற ஆரம்பித்தது. லொறிக்காரன் பீடியை அணைத்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தான். நான் அந்தச் சேற்றில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரமோ தெரியாது. கடைசியில் அவன் தலையைத் தூக்கி, என் காலிலிருந்து ஆரம்பித்து மேலே குல்லா வரைக்கும் மெதுவாக ஒரு பார்வை பார்த்தான்.

"பொண்ணு கேக்க வர்ற மொகரையா இது?" என்றான். "இந்தக் குல்லாவும் இந்தக் காலும். எங்க பாத்தியில காக்கா வெரட்ட நிக்கிற பொம்மைகூட இதைவிட டீசன்டா உடுத்தியிருக்கு."

பெண்கள் இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். லொறிக்காரனும் சிரித்தான். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஒரு தம்பி அண்ணனைப் பார்த்து அந்த மாதிரி ஒரு வார்த்தை பேசுவானா? இத்தனை வருஷத்தில் ராசையா எனக்கு முன்னால் கால் மேல் கால் போட்டதில்லை, பீடி பற்றவைத்ததில்லை, கேலி என்று ஒரு சொல் சொன்னதில்லை. மச்சானுக்குத்தான் அந்த உரிமை. அவன் மச்சான் என்ற சொல்லைச் சொல்லவே இல்லை. எனக்கு அது தேவையாகவும் இல்லை. நான் அந்த மழையில் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பார்த்தேன், அவன் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டான். நானும் துடைத்தேன். எங்களுக்குள் இருந்த ஒன்று போய்விட்டது, அது திரும்பி வராது. வேறொன்று வந்திருக்கிறது. அதை எப்படிப் பிடித்துக்கொள்வது என்று இந்த வயதில் இனித்தான் பழக வேண்டும். எழுத்துப் பழகவில்லையா, இதையும் பழகுவேன்.

தேத்தண்ணி குடித்துவிட்டுக் கிளம்பும்போது அவன் பாதை வரைக்கும் கூட வந்தான். தர்ஷினி வேலைக்குப் போயிருந்தாள், அவளுக்கு இதெல்லாம் சாயந்தரம்தான் தெரிந்திருக்கும். பஸ் வளைவில் திரும்பும்போது சொன்னான்: "நான் சம்மதம் குடுத்துட்டேன். அவ குடுப்பாளான்னு எனக்குத் தெரியாது. கோவம் அவங்கம்மா மாதிரி, லேசுல எறங்காது. மாப்பிள்ளைக்குப் போன் எடுக்கக் கை இல்லாட்டியும் நடந்து வரக் கால் இருக்குதானே? வந்து கேக்கச் சொல்லுங்க."

மாப்பிள்ளை என்றான் உன்னை. நான் அதைத்தான் பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

நீ வா. ஆனால் இந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வராதே. அம்மா வழி, முசிறி, மலேசியா, தூரத்துச் சொந்தம் என்று எதையும் அவளிடம் பேசாதே. அதெல்லாம் அவளுக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். முடிவு நன்றாக வந்ததால் வந்தாயா, வராவிட்டாலும் வந்திருப்பாயா என்றுதான் அவள் கேட்பாள். அதற்குப் பதில் எந்தக் குப்பியிலும் இல்லை, என்னிடமும் இல்லை. நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் இப்போதும் எழுந்து எழுந்து வாசலைப் பார்க்கிறேன். பயந்தேன் என்றால் பயந்தேன் என்று சொல். அவள் அழகான பதிலைத் தேடவில்லை, நீ அங்கே நிற்கிறாயா என்று பார்க்கிறாள். அவள் திட்டினால் நில். கதவைச் சாத்தினாலும் நில். ராசையா உன்னைக் கேலி செய்வான், அதற்கும் நில். வெள்ளிக்கிழமை இரவு மெயில் ரயிலில் ஏறினால் விடியும்போது மேலே வந்துவிடலாம். நேராக ராகலைக்குப் போ. இங்கே வந்து அம்மாவிடம் சாப்பிட்டுவிட்டுப் போகிறேன் என்று நினைக்காதே.

மகனே, வாசித்து முடித்துவிட்டாய் அல்லவா. எழுந்திரு.

உன் அப்பா